கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் பாத ரிஃப்ளெக்ஸாலஜி: வீட்டில் பாதுகாப்பாகச் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஏழாம் எட்டாம் மாதத்தில் மாலை நேரமானால் கால் கனத்துப்போவதும், கொலுசு அழுத்திய தடம் கணுக்காலில் வெகுநேரம் மறையாமல் நிற்பதும், மெட்டியைக் கழற்றச் சோப்பு நுரை தேவைப்படுவதும் பெரும்பாலான கர்ப்பிணிகள் அறிந்தவை. அந்த நேரத்தில் கணவரோ அம்மாவோ பாதத்தை மடியில் வைத்துப் பதமாகப் பிடித்துவிட்டால் உடம்பு முழுவதும் தளர்கிறது. பாதத்தின் குறிப்பிட்ட இடங்களை விரலால் அழுத்தும் முறையான ரிஃப்ளெக்ஸாலஜி அந்தக் கால்பிடித்தலுக்கு ஓர் ஒழுங்கையும் நிதானத்தையும் தருகிறது. ஆனால் கர்ப்பிணியின் கால் மற்றவர்களின் காலைப் போன்றதன்று. அதில் தெரியும் சில மாற்றங்கள் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. ஆகவே எங்கே எப்படி அழுத்துவது என்பதைவிட, தொடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கே இந்த வழிகாட்டியில் முன்னிடம் கொடுத்திருக்கிறேன்.

இதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம்

இன்று நாம் ரிஃப்ளெக்ஸாலஜி என்று சொல்லும் முறை அமெரிக்காவில் உருவானது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1910-களில் உடம்பைத் தலையிலிருந்து பாதம் வரை பத்து நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் அதே மண்டலத்தின் வேறிடத்தில் பயன் தரும் என்று கூறினார். 1930-களில் இயன்முறைச் சிகிச்சையாளர் யூனிஸ் இங்ஹாம் அந்தக் கருத்தைப் பாதத்திற்குக் கொண்டுவந்து, விரல்கள் தலைக்கும், விரல்களுக்குக் கீழே உள்ள மேடு மார்புக்கும், நடுப்பாதத்தின் குழிவு வயிற்று உறுப்புகளுக்கும், உட்புற விளிம்பு முதுகெலும்புக்கும், குதிகால் இடுப்புப் பகுதிக்கும் உரியவை என்று வரைபடம் அமைத்தார். இன்றைய பயிற்சியாளர்கள் பின்பற்றுவது பெரும்பாலும் இந்த வரைபடத்தையே.

அந்த வரைபடம் சொல்வதைப் போலப் பாதத்தின் ஒரு புள்ளியையும் கல்லீரலையோ கருப்பையையோ இணைக்கும் தனிப்பாதை எதுவும் உடற்கூற்றியலில் காணப்படவில்லை. எந்த நோயையும் ரிஃப்ளெக்ஸாலஜி குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றும் இல்லை. கால் வீக்கமுள்ள 55 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு சிறிய ஆய்வில், ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு வீக்கத்தோடு வரும் கனமும் அசௌகரியமும் குறைந்தன. ஆனால் கணுக்காலின் சுற்றளவு, வெறுமனே ஓய்வெடுத்தவர்களுக்கு இருந்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. இந்த முடிவை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கால் இலேசாவதாக உணர்வது உண்மையான பயன். காலில் இறங்கிய நீர் வடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. இரத்த சோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையையோ, சர்க்கரைக்கான உணவுக் கட்டுப்பாட்டையோ, மாதாந்திரப் பரிசோதனையையோ இதற்காக ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது தொடங்கலாம், யார் செய்துகொள்ளவே கூடாது

முதல் 12 வாரங்களில் செய்யாமல் இருப்பதே நல்லது. மென்மையான பாதப்பிடிப்பு கருவைக் கலைக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. அந்த வாரங்களில் ஏற்படும் கருச்சிதைவுகளில் பெரும்பங்கு கருவின் குரோமோசோம் கோளாறுகளால் நேர்பவை. இருந்தாலும், கால் பிடித்துவிட்ட மறுநாள் இரத்தப்போக்கு ஏற்பட்டால் பிடித்துவிட்டவரும் பிடித்துக்கொண்டவரும் அந்தப் பழியை வாழ்நாள் முழுவதும் சுமப்பார்கள். அப்படி ஒரு சுமைக்கு இடம் கொடுக்காதிருப்பதற்காகவே 12 வாரங்கள் முடிந்த பிறகு தொடங்குங்கள் என்கிறேன். தொடங்குவதற்கு முன் மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கருப்பையிலிருந்து இரத்தப்போக்கு இருப்பவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கருப்பை வாயில் தையல் போடப்பட்டவர்கள், குறைமாதப் பிரசவ வலி வந்து அடங்கியவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றிச் செய்துகொள்ளக் கூடாது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு அழுத்தத்தின் அளவே தெரியாது என்பதால் அவர்களும் விலகியிருக்க வேண்டும். பாதத்தில் புண், சேற்றுப்புண், இரத்தம் கசியும் பித்தவெடிப்பு, சமீபத்திய சுளுக்கு இருந்தால் அது ஆறும் வரை காத்திருக்கலாம்.

முதல் படி: தொடுவதற்கு முன் பார்ப்பது

இரண்டு கால்களையும் அருகருகே நீட்டச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில், முழங்கால் வரை பாருங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

இரு கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வீங்கி, காலையில் குறைந்து மாலையில் கூடினால் அது பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பான வீக்கம். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின்மீது கட்டைவிரலை ஐந்து விநாடி வைத்து எடுத்தால் ஒரு குழி விழுந்து மெதுவாக நிரம்பும். அந்தக் குழியின் ஆழத்தை நாள்தோறும் கவனித்துவந்தால், திடீரென்று கூடும் வீக்கம் கண்ணுக்குத் தப்பாது.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, குறிப்பாகக் கெண்டைக்கால் மற்றதைவிடப் பருத்து, தொட்டால் சூடாக, சிவந்து, நடக்கும்போது வலிக்கிறதா? அப்படியானால் கையை எடுத்துவிடுங்கள். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து மற்ற பெண்களுக்கு இருப்பதைவிட நான்கைந்து மடங்கு கூடுகிறது. இடது காலில் அதிகமாக வருகிறது. இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து உருவினால், அந்த இரத்தக்கட்டு இடம்பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழைக்க வேண்டும்.

இரு கால்களோடு முகமும் கைவிரல்களும் வீங்கி, விடாத தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ப்ரீ-எக்லாம்சியா எனப்படும், இரத்த அழுத்தம் கூடும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். 20-ஆம் வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும். ‘பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் அன்போடு சொல்லும் ஆறுதல், இந்த இடத்தில் மட்டும் செல்லாது.

இன்னொன்றும் கேளுங்கள்: உள்ளங்காலும் உள்ளங்கையும் அரிக்கின்றனவா? கடைசி மாதங்களில், தடிப்பு எதுவும் இல்லாமல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரித்தால், கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்ற கல்லீரல் கோளாறாக இருக்கலாம்; அது குழந்தையைப் பாதிக்கக்கூடியது. பாதத்தைப் பிடித்துவிடச் சொல்லும் பெண் சில வேளைகளில் வலிக்காக அல்ல, இந்த அரிப்புக்காகவே கேட்டிருப்பார். பித்த அமிலமும் கல்லீரல் செயல்பாடும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: உட்கார வைப்பது

20-ஆம் வாரத்திற்குப் பிறகு மல்லாந்து படுக்க வைக்க வேண்டாம். கனத்த கருப்பை, கீழிருந்து இதயத்திற்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்துவதால் தலைசுற்றல் வரும். குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையும். சுவரில் இரண்டு தலையணை அண்டக்கொடுத்துச் சாய்ந்து உட்காருவது நல்லது. அதுவும் சிரமமானால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை ஒன்றை வைத்தால் தொடை இழுக்காது. பிடித்துவிடுபவர் ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தால் அவர் முதுகும் தப்பிக்கும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காரச் சொல்லுங்கள். மெட்டி, கொலுசு இரண்டையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய விரலில் மெட்டி இறுகியிருந்தால் பிரசவம் முடியும் வரை கழற்றியே வைப்பது நல்லது. பிடித்துவிடுபவர் நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, கையைக் கழுவிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். முன்னதாக ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை வைக்கலாம். நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். எண்ணெயாகத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ சில துளிகள் போதும். கடையில் விற்கும் வாசனைச் சாற்றெண்ணெய்களும் வலிநிவாரணத் தைலங்களும் வேண்டாம். அவற்றில் சில கர்ப்பிணிகளுக்கு ஏற்றவையல்ல, அந்த நெடியே பலருக்குக் குமட்டலைத் தரும்.

மூன்றாம் படி: பிடிக்கும் முறை

எடுத்த எடுப்பில் அழுத்தாதீர்கள். இரு உள்ளங்கைகளையும் இரு பாதங்களின்மீது வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். அவர் மூச்சு நிதானத்திற்கு வருவது உங்கள் கைகளுக்கே தெரியும்.

பிறகு ஒரு பாதத்தை மெல்லிய துணியால் மூடிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்நுனியிலிருந்து கணுக்காலை நோக்கி, முழு உள்ளங்கையும் படும்படி எட்டுப் பத்து முறை நீவுங்கள். திசை எப்போதும் இதயத்தை நோக்கியே இருக்கட்டும். அடுத்து, ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மற்றொரு கையால் பாதத்தைப் பிடித்துக் கணுக்காலை ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை மெதுவாகச் சுழற்றுங்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இலேசாக அசைக்கலாம், ஆனால் சொடக்கு எடுக்கக் கூடாது. கர்ப்ப கால ஹார்மோன்களால் மூட்டுகளின் இணைப்புத் தசைநார்கள் தளர்ந்திருப்பதால், வழக்கமாக வலிக்காத இழுப்புகூட இப்போது சுளுக்காகிவிடும்.

இனி ரிஃப்ளெக்ஸாலஜியின் அடிப்படை அசைவு. கட்டைவிரலின் முதல் மூட்டை மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, நிமிர்த்தி, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் தோலைவிட்டு எடுக்காமல் அரைவிரல் அகலம் அரைவிரல் அகலமாக முன்னேற வேண்டும். மற்ற நான்கு விரல்களும் பாதத்தின் மேற்புறத்தில் தாங்கி நிற்க வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்றால், உங்கள் கட்டைவிரல் நகத்தின் நுனி சற்றே வெளுக்கத் தொடங்கும் அளவு. அவரைக் கேட்டால் பத்துக்கு மூன்று என்று சொல்ல வேண்டும். முகம் சுளித்தாலோ காலை இழுத்தாலோ அழுத்தம் அதிகம். கூச்சத்தால் சிரித்தால் அழுத்தம் குறைவு. அப்போது விரல் நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையால் அழுந்தப் பிடியுங்கள்.

குதிகாலுக்கு மேலிருந்து விரல்களின் அடி வரை இணையான ஐந்து கோடுகளாக ஊர்ந்து வாருங்கள். அதன்பின் உட்புற விளிம்பில், குதிகாலின் முன்பக்கம் தொடங்கிப் பெருவிரல் வரை இரண்டு முறை. இது வரைபடத்தில் முதுகெலும்புக்கு உரிய இடம்; இடுப்புவலியுள்ள பெண்கள் பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அடுத்தது. விரல்களுக்குக் கீழே உள்ள மேடு முடியும் இடத்தில், நடுவில், பாதத்தைச் சற்றுக் குவித்தால் ஒரு பள்ளம் தெரியும். அங்கே கட்டைவிரலை வைத்து, அவர் மூச்சை இழுக்கும்போது மெல்ல அழுத்தி, விடும்போது மெல்லத் தளர்த்துங்கள்; ஐந்து மூச்சு போதும். இந்தப் புள்ளிக்கு எந்தத் தனி ஆற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருவர் மூச்சும் ஒரே தாளத்திற்கு வரும்போது உண்டாகும் அமைதியை அனுபவித்தவர் அறிவார். தூக்கம் வராத இரவுகளில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாம்.

கடைசியாக, தொடக்கத்தில் செய்ததைப் போல நீவி முடித்துவிட்டு அடுத்த பாதத்திற்குச் செல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 20 நிமிடம். அரை மணியைத் தாண்ட வேண்டாம். வாரத்திற்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். முடிந்ததும் எண்ணெயைத் துணியால் முற்றிலும் துடைத்துவிட்டு, சிறிது நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகே எழ வேண்டும். எண்ணெய்ப் பாதத்தோடு டைல்ஸ் தரையில் நடந்து வழுக்கி விழுவது, நான் சொன்ன எல்லா ஆபத்துகளிலும் மிக எளிதாக நேரக்கூடியது.

ஏதாவது ஓர் இடம் தொட்டவுடன் வலித்தால், அதைக்கொண்டு ‘சிறுநீரகம் சரியில்லை’, ‘பிள்ளை திரும்பவில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். பாதத்தில் வலிக்க நூறு காரணங்கள் உண்டு. கர்ப்பிணியின் மனத்தில் தேவையில்லாத ஓர் அச்சத்தை விதைப்பது, கடுமையாக அழுத்துவதைவிடக் கேடானது. அதேபோல, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் பாதத்தைப் பிடித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்

உட்புறக் கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவிலுள்ள பகுதியைக் கருப்பைக்கும், வெளிப்புறத்தில் அதே இடத்தைச் சினைப்பைக்கும் உரியதாகப் பயிற்சியாளர்கள் கருதுகிறார்கள். சீன அக்குபிரஷர் மரபில், உட்புறக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, காலெலும்பின் பின்னோரத்தில் உள்ள புள்ளியையும், கால் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரத்தையும், கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையையும் கர்ப்ப காலத்தில் அழுத்துவதில்லை. இவை பிரசவ வலியைத் தூண்டும் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், விட்டுவிடுவதால் இழப்பு ஒன்றுமில்லை. கணுக்காலைச் சுற்றி நீவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். நரம்பு சுருண்டு புடைத்திருக்கும் இடங்களின் மீதும் அழுத்தம் கூடாது.

இதே காரணத்திற்காக, தேதி தாண்டிவிட்டதே என்று இந்தப் புள்ளிகளை அழுத்தி வலியை வரவழைக்க வீட்டில் முயலவும் வேண்டாம். தேதி கடந்தால் என்ன செய்வது என்பது பிரசவம் பார்க்கும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

மின்சாரக் கால் மசாஜர், முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பு, மர உருளை ஆகியவை கை உணரும் அளவை உணராதவை. கர்ப்ப காலத்தில் ஒதுக்கிவையுங்கள். பூங்காக்களில் எட்டு வடிவ நடைபாதையோடு சேர்த்துக் கூழாங்கல் பதித்திருப்பார்கள். வயிறு கனத்து உடம்பின் சமநிலை மாறியிருக்கும் மாதங்களில் அந்தக் கற்களின்மேல் வெறுங்காலோடு நடப்பது விழுவதற்கே வழி.

பிரசவ வலியின்போது

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவர் உடனிருக்க வழியுண்டு. அந்தத் துணை செய்யக்கூடியது எளிது: வலி வந்து தணியும் இடைவெளியில் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, பாதத்தை அழுந்தப் பிடித்துக்கொள்வது. வலி உச்சத்தில் இருக்கும்போது சிலருக்குத் தொடுவதே பிடிக்காது; ‘விடு’ என்றால் உடனே விட்டுவிட வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன காலில் விரல் அழுத்தம் வேண்டாம்.

பிரசவத்திற்குப் பின்

பிள்ளை பெற்ற உடம்பைப் ‘பச்சை உடம்பு’ என்று நம் வீடுகளில் பொத்திப் பாதுகாப்பார்கள். அந்தக் கவனம் காலுக்கும் தேவை, ஏனெனில் இரத்தக்கட்டு உருவாகும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது பிரசவத்திற்குப் பிந்தைய ஆறு வாரங்களில்தான். சிசேரியன் ஆனவர்களுக்கு அது இன்னும் கூடுதல். ஆகவே இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் படி இப்போதும் கட்டாயம். பிரசவித்த முதல் சில நாட்களில், ஏற்றிய குளுக்கோஸாலும் உடம்பின் நீர் இடம்மாறுவதாலும் இரு கால்களும் முன்பைவிட வீங்கலாம். ஓரிரு வாரங்களில் அது தானே வடியும். வீக்கத்திற்குப் பயந்து தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது சில வீடுகளில் இன்னும் இருக்கும் வழக்கம். அது தவறு; தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும்.

சுகப்பிரசவமானால் முதல் நாள் பாதத்தைக் கையால் அணைத்துப் பிடிப்பதோடு நிறுத்தி, இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் மென்மையாகத் தொடங்கலாம். சிசேரியன் என்றால், கால் மரப்பு முழுவதும் நீங்கி, எழுந்து நடமாடத் தொடங்கி, மருத்துவர் சரி என்று சொன்ன பின்னரே. இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குச் சின்ன அழுத்தத்திலும் தோல் கன்றிப்போகும் என்பதால் நீவுதல் மட்டும் போதும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, தலைவலியும் கண் மங்கலும் இருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ப்ரீ-எக்லாம்சியா பிரசவத்திற்குப் பிறகும் வரக்கூடியது.

இந்தக் காலத்தில் மிகவும் நம்பிக்கை தரும் பயன் தூக்கம். தைவானில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், சரியாகத் தூங்க முடியாத புதுத் தாய்மார்களுக்குத் தொடர்ந்து ஐந்து மாலைகள் அரை மணி நேரம் பாத ரிஃப்ளெக்ஸாலஜி கொடுத்தபோது, வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களது தூக்கத்தின் தரம் கூடியது. குழந்தை பால் குடித்துத் தூங்கிய பின், வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, விளக்கைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். இடையில் அவர் தூங்கிவிட்டால் முடிக்க வேண்டும் என்று எழுப்பாதீர்கள்.

பால் சுரக்கப் பாதத்தின் மேற்புறத்தில், விரல்களின் அடியில் நீவச் சொல்வார்கள். செய்வதால் கெடுதல் இல்லை. ஆனால் பால் ஊறுவது குழந்தை அடிக்கடி, சரியாக வாய்வைத்து உறிஞ்சுவதால். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும். பால் போதவில்லை என்று தோன்றினால், முதலில் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலைப் பிடிக்கும் அந்த அமைதியான நேரத்தில்தான் பல பெண்கள் மனத்திலுள்ளதைச் சொல்லத் துணிகிறார்கள். பிரசவித்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரங்களைத் தாண்டியும் எதிலும் நாட்டமின்மை, குழந்தைமேல் ஒட்டுதல் இல்லாத உணர்வு, தன்னை வெறுக்கும் பேச்சு தொடர்ந்தால் அது பிரசவத்திற்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணத்தை ஒரு வார்த்தை சொன்னாலும் நாள் கடத்தாமல் அன்றே கூட்டிச் செல்ல வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது.

வெளியே பயிற்சியாளரிடம் போவதானால், கர்ப்பிணிகளுக்குச் செய்த அனுபவமும் பயிற்சியும் உள்ளவரா என்று கேளுங்கள். எத்தனையாவது வாரம், இரத்த அழுத்தம் எவ்வளவு, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று கேட்காமலே காலைத் தொடுபவரிடமும், மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், பிரசவத்தைச் சுகப்பிரசவமாக்கித் தருவதாக வாக்குக் கொடுப்பவரிடமும் போகாதீர்கள். ஆறாம் வாரப் பரிசோதனையில் எல்லாம் சரியென்று மருத்துவர் கூறிய பிறகு, கர்ப்ப காலத்தில் தவிர்த்த புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக வழக்கமான அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம்.